பழைய ஜீப் வண்டியைச் சிக்கனமாய்ச் செப்பனிட்டுப் பண்ணைக்கு உபயோகித்தல்

மலைச்சாரல்களிலும், ஓடைகள் குறுக்கிடும் கரட்டு நிலங்களிலும் பயிர்செய்யும் குடியானவர்களுக்கு, விளைவிப்பதைக் காட்டிலும் விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும் பிரயாசையாக இருந்துவருகிறது. மழைக்காலத்தில் மாட்டுவண்டி சேற்றில் அழுந்துகிறது. லாரியோ கற்பாதையில் ஏறுவதில்லை. தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கொல்லிமலையிலும், பழனிமலைச் சாரலிலும், போடியிலிருந்து மேற்கே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளிலும் ஜீப் வண்டிகள் இன்றளவும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

புதிய நான்கு சக்கர ஓட்ட வண்டியொன்றின் விலை சாதாரண மிராசுதாரருக்கு எட்டுவதாயில்லை. ஆகவே, எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கும் பழைய ஜீப்பை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அநேகருக்கு உண்டாகிறது. இவ்வெண்ணம் தவறன்று. ஆனால், இம்முயற்சியில் இறங்கியவர்களில் சிலர் பல வருஷங்கள் உழைக்கும் வண்டியைப் பெற்றிருக்கிறார்கள். வேறு சிலர் நகையை அடகுவைத்த கடனையும், ஓடாத இரும்பையும் பெற்றிருக்கிறார்கள். இவ்விரு முடிவுகளுக்குமுள்ள வேறுபாடு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று. எந்த வேலையை முதலில் செய்தார்கள் என்பதையே பொறுத்தது. அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் பூர்வீகம்

ஜீப் வண்டி இரண்டாம் உலக யுத்தத்துக்கென அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டது. 1941 முதல் 1945 வரையில் வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ராணுவத்துக்குச் செய்து கொடுத்தன. யுத்தம் முடிந்த 1945ஆம் வருஷத்திலேயே வில்லிஸ் கம்பெனியார் சி.ஜே. 2ஏ என்ற வகையைக் குடியானவர்களை உத்தேசித்து வெளியிட்டார்கள். பின்புறம் திறக்கும் கதவும், சுமை இழுக்கும் கொக்கியும், கதிரடிக்கும் யந்திரம் முதலியவற்றைச் சுழற்றுவதற்கான பின்தண்டும் அதற்குப் பொருத்தக்கூடியனவாய் இருந்தன. எனவே பண்ணை வேலை இவ்வண்டிக்குப் புதியதன்று.

நமது தேசத்தில் மகீந்திரா கம்பெனியார் 1947ஆம் வருஷத்தில் வில்லிஸ் வண்டிகளை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கினர். பின்னர் சி.ஜே. 3பி என்ற வகையை இங்கேயே நெடுங்காலம் தயாரித்தனர். இப்பொழுது கிராமங்களில் விலைக்கு வருபவற்றில் பல இந்த சி.ஜே. 3பி வண்டிகளும், அதற்குப் பின் வந்த எம்.எம். 540 முதலிய டீசல் வண்டிகளுமேயாம். முன்னதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரம் 80 அங்குலம். பின்னதில் 91 அங்குலம். முன்னது குறுகிய கொண்டை ஊசி வளைவுகளில் எளிதில் திரும்பும். பின்னது அதிகச் சுமை கொள்ளும். பெட்ரோல் வண்டியின் இஞ்சின் 2,199 கன செண்டிமீட்டர் கொள்ளளவு உடையது, எம்.எம். 540இன் டீசல் இஞ்சின் 2,112 கன செண்டிமீட்டர் கொண்டது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வாங்குமுன் இதனைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஜீப் உழவு யந்திரமன்று. யுத்தத்துக்குப்பின் அதனைக் கலப்பையில் பூட்டி உழுது காட்டி விற்க முயன்றார்கள் என்பது உண்மையே. ஆயினும் டிராக்டருக்கு உள்ள பெரிய பின்சக்கரங்களும் பாரமும் இதற்கு இல்லை. வண்டியின் எடை சுமார் ஒரு டன்னே. நாள் முழுதும் மெதுவாய்க் கனத்த சுமையை இழுத்தால் இஞ்சின் சூடேறும். கிளட்ச் தட்டு தேயும். சேற்றுழவுக்கோ இது சிறிதும் ஏற்றதன்று.

விளைபொருளை வயலிலிருந்து தார்ச்சாலைக்குக் கொண்டுவருதல், பால்கேன், விதை, உரம், நாற்றுத் தட்டு, மருந்தடிக்கும் யந்திரம் ஆகியவற்றை மேட்டு நிலத்துக்கு ஏற்றுதல், அவசர காலத்தில் நோயாளியையோ சினை மாட்டுக்கு வைத்தியரையோ அழைத்துவருதல் ஆகிய காரியங்களுக்கே இது மிகவும் பிரயோஜனப்படும். ஆதலால், சென்ற வருஷத்தில் இத்தகைய நடைகளுக்காகத் தாம் கொடுத்த வாடகையைக் குடியானவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். மூன்று வருஷத்து வாடகைத் தொகை, வண்டிக்கு ஆகும் மொத்தச் செலவுக்குச் சமீபமாகவேனும் வாராவிட்டால், அவர் வண்டி வாங்காமல் வாடகைக்கே அமர்த்திக்கொள்வது லாபகரமானது.

பத்திரங்களே முதலில்

நிலம் வாங்குபவர் வில்லங்கம் பாராமல் வாங்குவதில்லை. வண்டிக்கும் அவ்வாறே பார்க்கவேண்டும். பதிவுச் சீட்டிலுள்ள சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் வெட்டப்பட்டிருக்கும் எண்களோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருத்தல் அவசியம். துருவைக் கம்பி பிரஷ்ஷினால் தேய்த்தே எண்களை வாசிக்கவேண்டும். விற்பவர் வாய்மொழியை நம்பலாகாது. எண்கள் ராவப்பட்டோ, புதிதாய்ப் பற்றவைத்த தகட்டில் இருந்தோ காணப்பட்டால் எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டியை விட்டுவிடுக.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷங்கள் வரையில் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். இதற்கு 25ஆம் நமூனாவில் விண்ணப்பம் செய்யவேண்டும். பதிவு காலாவதியாகி நெடுநாள் கிடந்த வண்டியாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முதலில் சென்று, அதனைப் புதுப்பிக்க இடமுண்டா, பாக்கி வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்பதை விசாரித்த பின்னரே அச்சாரம் கொடுக்கவேண்டும். நேர்த்தியாய்ச் செப்பனிடப்பட்டும், பத்திரமில்லாமையால் தோட்டத்து வேலியைத் தாண்ட இயலாத வண்டிகள் உண்டு.

சேஸிஸைச் சோதித்தல்

இஞ்சினைக் கழற்றி மாற்றலாம். பாடியைப் புதிதாய்ச் செய்யலாம். ஆனால் சேஸிஸ் என்னும் அடித்தளம் கெட்டிருந்தால் அந்த வண்டிக்குச் செலவிடுவது ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுவதை ஒக்கும். வண்டியின் அடியில் படுத்துச் சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இடம் மந்தமாய் ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் கொக்கிகளின் அருகிலும், ஸ்டீரிங் பெட்டி முடுக்கப்பட்டுள்ள இடத்திலும், கடைசிக் குறுக்குச் சட்டத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று விசேஷமாய்க் கவனிக்க. இவ்விடங்களில்தான் கற்பாதையின் அதிர்ச்சி முழுவதும் தாக்குகிறது.

நான்கு ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலிருந்தும் தூக்குநூல் விட்டுத் தரையில் சாக்குக் கட்டியால் குறியிட்டு, வண்டியை நகர்த்திவிட்டு, குறிகளைக் குறுக்கு மறுக்காய் அளந்து பார்த்தால் சேஸிஸ் கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு மூலை அளவுகளும் சமமாயிருக்கவேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

சிறு வெடிப்பாயின் செப்பனிடலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் தடுத்து, வெடிப்பைச் சாய்வாகச் செதுக்கி வெல்டிங் செய்து, அதன்மேல் முனைகள் குறுகிய சாய்சதுரத் தகடு ஒன்றைப் பொருத்தவேண்டும். சேஸிஸுக்குக் குறுக்கே நேர்கோடாய் வெல்டிங் ஓட்டுதல் கூடாது. அவ்விடத்திலேயே மறுபடியும் ஒடியும். வெல்டிங் தொடங்குமுன் பாட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றி அப்புறப்படுத்த மறவற்க.

பணத்தைப் பங்கிடுதல்

சிக்கனமென்பது எல்லாவற்றிலும் குறைத்துச் செலவிடுதலன்று. செலவிடவேண்டிய இடத்தில் முழுதும் செலவிட்டு, வேண்டாத இடத்தில் ஒன்றும் செலவிடாமையேயாம். கைவசமுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கிக் கீழ்க்கண்டவாறு ஒதுக்குவது உத்தமம்:

வண்டியின் விலைக்கும் பத்திரங்களுக்கும்: 3 பங்கு.
சேஸிஸ், பிரேக், ஸ்டீரிங் ஆகியவற்றுக்கு: 2 பங்கு.
இஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் ஆகியவற்றுக்கு: 2 பங்கு.
டயர்களுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும்: 1 பங்கு.
பாடிக்கும் வர்ணத்துக்கும்: 1 பங்கு.
எதிர்பாராச் செலவுக்கு: 1 பங்கு.

உதாரணமாக, 3 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர், விலையும் பத்திரச் செலவும் சேர்ந்து 90,000 ரூபாய்க்கு மேற்படும் வண்டியை நாடலாகாது. அதிகவிலை வண்டியில் முன்சொன்ன உறுப்புகள் உண்மையிலேயே நன்னிலையில் இருந்தால் மட்டும் அப்பங்குகளிலிருந்து எடுத்து விலையில் சேர்க்கலாம். கடைசிப் பங்கை எக்காரணத்தாலும் தொடக்கத்திலேயே செலவிடலாகாது. பழைய வண்டியைப் பிரித்தபின் மறைந்திருந்த பழுது ஒன்றேனும் வெளிப்படாமலிருப்பதில்லை.

வேலை தொடங்குமுன், அவசியம் செய்யவேண்டியவை, பிறகு செய்யத்தக்கவை, வேண்டாதவை என்று மூன்று பட்டியல்கள் எழுதிக்கொள்க. பட்டறைக்காரரிடம் முதற் பட்டியலை மட்டும் கொடுக்க. கழற்றும் ஒவ்வொரு சாமானையும் தனிப்பையில் இட்டுச் சீட்டு எழுதிக் கட்டவேண்டும். காணாமற்போன போல்ட்டுகளைத் தேடியும் வாங்கியும் வீணாகும் பணம் சிறிதன்று. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைத்தெருக்களில் கியர் பெட்டி, அச்சு, கதவு முதலியவற்றைப் பழையனவாகவே பார்த்து வாங்கலாம். ஆனால் பிரேக் சாமான்களும், ஸ்டீரிங் முட்டுகளும், ரப்பர் குழாய்களும் புதியனவாகவே இருக்கவேண்டும்.

பிரேக்கும் ஸ்டீரிங்கும்

மலையடிவாரத்துக் குடியானவர் ஒருவர் பழைய ஜீப் வாங்கியதும் முதலில் பாடிக்கு வர்ணமும், அகன்ற டயர்களும், விளக்குகளும் போட்டார். வண்டி ஊரார் கண்ணுக்கு விருந்தாயிருந்தது. பிரேக்குக் குழாய்களை அடுத்த அறுவடைக்குப்பின் மாற்றலாமென விட்டுவைத்தார். வாழைத்தார்களோடு இறக்கத்தில் வரும்போது பின்சக்கரத்துக் குழாய் வெடித்து, மிதி அடிவரை சென்றுவிட்டது. ஓட்டியவர் சமயோசிதமாய் மேட்டுப்பக்கத்து மண்கரையில் மோதி நிறுத்தியபடியால் உயிர்ச்சேதம் நேரவில்லை. சரக்கின்மேல் உட்கார்ந்துவந்த கூலியாள் ஒருவருக்குக் கையொடிந்தது. வர்ணத்துக்குச் செலவிட்ட தொகையில் சிறு பாகமே அக்குழாய்களின் விலை.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கும் எண்ணெய் ஒரே வழியாகச் செல்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் வெடித்தாலும் நான்கும் ஒருங்கே போய்விடும். அன்றியும், மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்குக் கீழே சேறும் நீரும் படுமிடத்தில் இருக்கிறது. ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள் யாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடவேண்டும். பிரேக்குக்கென்று விற்கப்படும் எண்ணெயையே ஊற்றுக. இஞ்சின் எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் ரப்பர்கள் ஊதிப்போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுந் தன்மையுடையது. இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று.

இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள மாற்றுப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடித்து நிறுத்துகிறது. அப்பெட்டியின் எண்ணெய்ச் சீல் கசிந்தால் பிரேக் பட்டை எண்ணெயில் ஊறிப் பிடிக்காது. சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்க.

ஸ்டீரிங்கில் தளர்ச்சி அறிய, ஒருவர் சக்கரத்தை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழே ஒவ்வொரு முட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் பேரிங்குகளின் தேய்மானம் தெரியும்.

இஞ்சின்

இஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்று பட்டறைக்காரர் கூறியவுடன் சம்மதித்துவிடலாகாது. முதலில் அமுக்கச் சோதனை செய்விக்கவேண்டும். நான்கு சிலிண்டர்களின் அமுக்கமும் ஏறக்குறைய சமமாயிருந்தால், கார்புரேட்டரையும் பற்றவைக்கும் உறுப்புகளையும் சுத்தம் செய்வதே போதுமானதாகலாம். பெட்ரோல் இஞ்சினில் ஒரு சிலிண்டரில் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால், அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடியும் சோதிக்க. அமுக்கம் உயர்ந்தால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். உயராவிடில் பழுது பெரும்பாலும் வால்வில் உள்ளது. வால்வை மசை போட்டுத் தேய்த்து உட்காரவைக்கும் செலவு, சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடும் செலவில் ஒரு சிறு பாகமேயாம்.

இஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது என்பது பொருள்; கேஸ்கெட்டையும் பிளாக்கில் வெடிப்பையும் பார்க்கவேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாய் வைத்து நீரோட்டிக் கழுவுவதும், தண்ணீர் பம்பையும் பெல்ட்டையும் புதுப்பிப்பதும், மலையேறும் வண்டிக்குத் தவிர்க்கக்கூடாத வேலைகள்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் ஒரு புதிய விஷயத்தையும் கவனிக்கவேண்டும். 2025ஆம் வருஷத்தில் நமது தேசத்தில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் நூற்றுக்கு 20 பாகமாக உயர்ந்தது. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பின் சவ்வும், கார்புரேட்டர் வாஷர்களும் இதனைத் தாங்குமாறு செய்யப்பட்டவையல்ல. அவை மெத்தென்று ஊதியும், பின்பு வெடித்தும் கசியும். இவற்றை எத்தனால் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கிப் போடவேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாதலால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது தொட்டியில் பெட்ரோலைத் தேக்கிவைத்தல் கூடாது. பெட்ரோல் கசியும் வண்டியைக் கொட்டகையில் வைக்கோற்போரின் அருகே நிறுத்துதல் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமானம்.

கியரும் நான்கு சக்கர ஓட்டமும்

ஜீப்பின் பலம் அதன் மாற்றுப் பெட்டியிலேயே இருக்கிறது. சி.ஜே. 3பி வண்டியில் தாழ்ந்த பல்லும் முதல் கியரும் போட்டால், இஞ்சின் சுமார் 37 முறை சுழலும்போதே சக்கரம் ஒருமுறை சுழலும். இஞ்சின் நிமிஷத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றினால் வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில், அதாவது ஏறக்குறைய உழவுமாட்டின் நடையில் செல்லும். இவ்வளவு மெதுவாய்ச் செல்லுவதனாலேயே கல்லிலும் சேற்றிலும் பிடிப்பு உண்டாகிறது. செங்குத்தான இறக்கத்திலும் இதே கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும், பிரேக் காய்ந்துபோகாது.

இதில் இரண்டு விதிகளை மறக்கலாகாது. ஒன்று: காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு ஓட்டுதல் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடவேண்டும்; இவ்வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுவதால் தண்டுகள் முறுக்கேறிப் பற்சக்கரங்கள் ஒடியும். மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திவிடுகிறது. இரண்டு: நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒரே அளவு தேய்மானமும் உடையனவாயிருக்கவேண்டும். முன்னே இரண்டு பழையனவும் பின்னே இரண்டு பெரியனவும் போடுவது, நேர்பாதையிலும் மேற்சொன்ன முறுக்கை உண்டாக்கும்.

பாடி வேலை

தரைத்தகடு துருப்பிடித்த இடங்களை வெட்டி நீக்கிப் புதிய தகடு பற்றவைக்கவேண்டும். துருவின்மேல் பட்டியும் வர்ணமும் பூசுவது புண்ணின்மேல் சந்தனம் பூசுவதையொக்கும். தரைக்குக் கீழேயுள்ள தாங்குசட்டங்களின் உட்புறத்தில் நீர் தங்கித் துரு ஏறுவது வழக்கம். அவ்விடங்களில் நீர் வடியத் துளைவிட்டு, சிவப்பு ஆக்ஸைடு பூசியபின் மூடவேண்டும். உரம் ஏற்றும் வண்டியை அன்றைக்கே நீரால் கழுவிவிடவேண்டும். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை விரைவில் தின்றுவிடும். மேலுக்குக் கான்வாஸ் கூரையே மலிவும் இலேசும் ஆனது. மிக உயர்ந்த இரும்புக் கூரை வண்டியைத் தலைப்பாரமாக்கிச் சரிவில் கவிழச்செய்யும்.

பண்ணைக்கேற்ற மாறுதல்களும் சட்டமும்

வண்டியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஆசைப்படுவது இயற்கையே. கழற்றி மாட்டக்கூடிய பால்கேன் சட்டம், நாற்றுத்தட்டு அடுக்கு, மருந்துப் பீப்பாயைக் கட்டும் வளையங்கள், சரக்கு நழுவாமலிருக்க மரத்தடுப்பு ஆகியவை செலவு குறைந்தவை. வேலைக்குப் பெரிதும் உதவுபவை. கொக்கி போடுவதாயின் சேஸிஸின் இரு பக்கச் சட்டங்களையும் பற்றுமாறு போடவேண்டும். பாடித் தகட்டிலோ பம்பரிலோ மாட்டுதல் ஆபத்து. பின்தண்டைக்கொண்டு யந்திரம் ஓட்டுவோர் சுழலும் தண்டுக்குத் தகட்டு மூடி போட்டே ஓட்டவேண்டும்; வேஷ்டி முனையோ துண்டோ சிக்கினால் மனிதனை இழுத்துவிடும்.

ஆனால் வண்டியை நீட்டுதல், உயர்த்துதல், பெரிய டயர் போடுதல், வேறுவகை இஞ்சினைப் பொருத்துதல் ஆகியவை வேறு விஷயம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அவ்வருஷத்திலேயே திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆதலால் இஞ்சினை மாற்ற நேர்ந்தால் பதிவு அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்ற பின்னரே பட்டறைக்குச் செல்லவேண்டும். பெரிய டயர் சட்டத்துக்கு மட்டுமன்றி வண்டிக்கும் விரோதியே. அது கியரின் பலத்தைக் குறைத்து, பிரேக்குக்கும் அச்சுக்கும் சுமையை ஏற்றுகிறது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை கிரீஸ் முனைகள் யாவற்றுக்கும் கிரீஸ் அடிக்க. ஓடையில் இறங்கிவந்த நாளின் மறுநாள், இரண்டு அச்சுகளிலும் மாற்றுப் பெட்டியிலும் எண்ணெய் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க. நீர் புகுந்திருந்தால் உடனே எண்ணெயை மாற்றுக. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஸ்பிரிங் கட்டும் போல்ட்டுகளை முடுக்குக. இவற்றையெல்லாம் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், விற்கும் காலத்தில் அந்த நோட்டே வண்டிக்கு விலை பெற்றுத்தரும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கிராமத்தில் பழைய வண்டிகள் கைமாறும்போது வெறும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வது சகஜமாயிருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதை ஜனங்களுக்கு எடுத்துச்சொல்வது பேருதவியாகும். பெயர் மாற்றாத வண்டியால் விபத்து நேர்ந்தால், வண்டியை என்றோ விற்றுவிட்டவரும் வழக்குக்கு இழுக்கப்படுவார். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி சாலையில் ஓடலாகாது. அறுவடைக் காலத்தில் சரக்கின்மேலும் பின்பலகையிலும் ஆட்களை ஏற்றிவருவதையும் அதிகாரிகள் தடுக்க முன்வரவேண்டும். கூலிக்கு வந்தவர் கையொடிந்து கிடந்தால், அக்குடும்பத்துக்கு அவ்வருஷத்து அறுவடையே இல்லாமற்போகிறது.

ஒரே மலைப்பாதையை உபயோகிக்கும் நாலைந்து குடியானவர்கள் ஒருவர் வண்டியை நம்பியிருப்பது பல ஊர்களில் உண்டு. அங்கே வண்டிக்காரர் ஒருவரே செப்பனிடும் சுமையைத் தாங்குவதைவிட, பாதையிலுள்ள கற்களை அகற்றுதல், மழைநீர் வடியக் குறுக்கு வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றை யாவரும் சேர்ந்து செய்தால், வண்டியின் ஆயுளும் நீடிக்கும். மாட்டுவண்டிக்கும் வழி உண்டாகும்.

சுருக்கம்

பத்திரம், சேஸிஸ், பிரேக், ஸ்டீரிங், இஞ்சின், கியர், டயர், பாடி, கடைசியாக வர்ணம்: இதுவே வரிசை. இவ்வரிசையை மாற்றாதவர் பணம் போதாமல் நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், அவரிடம் அழகற்றதாயினும் ஆபத்தில்லாத வண்டி ஒன்று மிஞ்சும். வரிசையைத் தலைகீழாக்கியவரிடம் மிஞ்சுவது அழகிய ஆபத்து. வண்டி வாங்க உத்தேசித்துள்ள குடியானவர்கள் இவ்விதழைப் பட்டறைக்குக் கையோடு கொண்டுசென்று, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்வார்களாக.